சாமிக்குக் கழுத்தில் மூன்று கோடு

நான் முகம் செய்கிறவள். என் வீட்டுக்காரர் உடம்பு செய்வார். கம்பி கட்டி, வலை சுற்றி, சிமெண்ட் பூசி, கை கால் இடுப்பெல்லாம் அவர் கொண்டுவந்து நிறுத்திய பிறகு, கழுத்துக்கு மேலே உள்ள வேலை என்னிடம் வந்துவிடும். கல்யாணமான புதிதில் அவரே முகமும் செய்துகொண்டிருந்தார். அவர் செய்த சாமிகள் எல்லாம் அவரைப் போலவே தூங்கி வழிந்தன. ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் சாந்துக் கரண்டியைப் பிடுங்கி ஒரு அம்மனுக்கு மூக்கு வைத்தேன். அதற்குப் பிறகு அவர் கரண்டியைத் திரும்பக் கேட்கவில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தைச் சுற்றிலும், அந்தப் பக்கம் அந்தியூர் வரைக்கும், நாங்கள் செய்த சுதைச் சிலைகள் இருக்கின்றன. எந்தக் கோயிலிலும் எங்கள் பெயர் கிடையாது. டியூப்லைட் வாங்கிக் கொடுத்தவர் பெயர் டியூப்லைட்டிலேயே எழுதியிருக்கும். சாமியைச் செய்தவர் யாரென்று கேட்டால் பூசாரிக்கே தெரியாது. கண் திறந்து சாமியாகிவிட்டால் நாங்கள் தொடக்கூடாது. மற்றவர்களைப் போல வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வரவேண்டியதுதான். எனக்கு அதில் வருத்தம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய்.

சாமி முகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. முகத்தை மூன்றாகப் பிரிப்போம். நெற்றி ஒரு பங்கு, மூக்கு ஒரு பங்கு, மூக்குக்குக் கீழே மோவாய் வரை ஒரு பங்கு. நடுவில் ஒரு நூலைப் பிடித்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். மனுச முகம் அப்படி இருக்காது. யாரை வேண்டுமானாலும் கண்ணாடி முன்னால் நிறுத்திப் பாருங்கள், ஒரு பக்கம் கொஞ்சம் கோணல்தான். அதனால் சாமிக்கு மனுசச் சாயல் வரக்கூடாது, குறை உள்ள உருவம் கும்பிட ஆகாது என்பார்கள். பேச்சுக்கு அப்படி. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நகைக்கடைக்காரர் வாசலில் வைக்க மகாலட்சுமி கேட்டார். கைபேசியில் அவர் காட்டியது ஒரு சினிமாக்காரியின் படம். மூக்கை மட்டும் இன்னும் கொஞ்சம் எடுப்பாக வைக்கச் சொன்னார். நானும் வைத்தேன். இன்றைக்கும் அந்தக் கடைக்குப் போகிறவர்கள் அந்த நடிகையைத்தான் கும்பிட்டுவிட்டு உள்ளே போகிறார்கள்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிறவள்தான் நான். ஒரு தோட்டத்து வேலைக்குப் பிறகு சிரிப்பு குறைந்துபோனது.

கொரோனா அடங்கி இரண்டு வருடம் இருக்கும். ஒரு பெரிய தோட்டத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். தென்னந்தோப்பு, அதைத் தாண்டி ரோட்டோரத்தில் மோட்டார் பம்புக்கு வார்ப்படம் செய்கிற ஒரு பவுண்டரி, எல்லாம் அந்த ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். பெரியவர் அறுபதைத் தொடுகிறவர். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு, வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. எங்களை நாற்காலியில் உட்காரவைத்து, காபி வரவழைத்து, அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

அவருடைய மகள் கல்யாணம் ஆகாமல் செத்துப்போயிருந்தாள். காலேஜ் முடித்த பிள்ளை. தோட்டத்துக் கிணற்றில் கால் தவறி விழுந்துவிட்டது என்றார். அதற்குப் பிறகு மருமகளுக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போயிற்று. குறி கேட்கப் போன இடத்தில், உங்கள் வீட்டுக் கன்னி ஒருத்தி நிற்க இடமில்லாமல் அலைகிறாள், அவளுக்கு ஓர் இடம் செய்து கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். கன்னியாகச் செத்த பெண்ணை வீட்டுத் தெய்வமாக நிறுத்தி, வருடத்துக்கு ஒரு தடவை புதுச்சேலை வைத்துக் கும்பிடுவார்கள். பல வீடுகளில் ஒரு கல்லோடு முடித்துவிடுவார்கள். இவர்களுக்கு வசதி இருந்ததால் சிலையாகவே கேட்டார்கள். தோட்டத்து மூலையில் ஒரு வேம்பு. அதன் அடியில் மேடை கட்டி, மேலே சின்னக் கூரை போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள்.

எப்படி இருக்கவேண்டும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"சாமி சாமியாட்டம் இருக்கோணுமுங்க," என்றார் பெரியவர். "பாக்கறவங்க இது அந்தப் புள்ளையான்னு கேக்கப்படாது."

எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. சாயல் கூடாது என்பது எங்கள் தொழில் பேச்சும்தானே. சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தோம்.

உடம்பு எழும்பும்வரை எனக்கு அங்கே பெரிய வேலை இல்லை. சாந்து குழைத்துக் கொடுப்பேன், சாக்கை நனைத்துப் போடுவேன். அந்த வீட்டு அம்மா, செத்த பிள்ளையைப் பெற்றவர், தினமும் மத்தியானம் மோர் கொண்டுவருவார். என் வயதுதான் இருக்கும், ஆனால் என்னை அக்கா என்பார். கொடுத்துவிட்டுப் போகமாட்டார். கம்பிக்கூடாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். தலைக்கு விட்ட கம்பி மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் பார்ப்பார்.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் கம்பி வலை வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரம் அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகள் போனதற்குப் பிறகு வீட்டில் இருந்த படங்களையெல்லாம் எடுத்துவிட்டார்களாம். பார்த்தால் அழுகிறாள் என்று காரணம் சொன்னார்களாம். சுவரில் இருந்தது, ஆல்பத்தில் இருந்தது, கைபேசிகளில் இருந்தது, ஒன்று விடவில்லை. மகன்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்திருக்கிறான்.

"அக்கா, எம்புள்ள மொகம் எனக்கு மறந்துக்கிட்டே வருதுங்க," என்றார். "முந்தியெல்லாம் கண்ண மூடுனா வந்துரும். இப்ப வர மாட்டீங்குது. ஒருக்காப் பாத்துப்போட்டேன்னாப் போதுமுங்க."

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம், வாரத்துக்கு ஒரு சண்டை போடுவோம். அவள் முகம் மறக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. உங்களிடம் படமே இல்லையா என்று கேட்டேன். அந்த அம்மா இடுப்பில் செருகியிருந்த கைபேசியை எடுத்தார். தூரத்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். யாரோ எடுத்த கூட்டப் படத்தை ஒரு சின்னம்மாவிடம் கெஞ்சி வாங்கி வைத்திருக்கிறார். பின்வரிசையில், ஒரு பெரிய கொண்டைக்குப் பின்னால், அந்தப் பிள்ளையின் பாதி முகம் தெரிந்தது. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகக் கலைந்துபோனது.

மீதிப் பாதியை அந்த அம்மா வாயால் சொன்னார். இடது புருவத்தில் அம்மை போட்ட தழும்பு, அந்த இடத்தில் மயிர் இருக்காது. மேலுதடு ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கியிருக்கும், எதிர்த்துப் பேசப் போகிற மாதிரி. அப்படித்தான் பேசவும் பேசுவாளாம். சொல்லும்போது அந்த அம்மாவின் உதடும் தூக்கிக்கொண்டது. நான் அதைப் பார்த்துவைத்துக்கொண்டேன்.

கடைசியாக மகளைப் பார்த்தது எப்போது என்று நான் கேட்டிருக்க வேண்டியதில்லை. வாயில் வந்துவிட்டது. அன்றைக்கு அவர் தாராபுரத்தில் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாராம். போன் வந்து, அவர் கார் வைத்துத் திரும்பி வருவதற்குள் எல்லாம் தயாராக இருந்ததாம். பெஞ்சில் படுக்கவைத்து மோவாய் வரைக்கும் பட்டுச்சேலை போர்த்தியிருந்தார்கள். கழுத்தில் மாலைமேல் மாலையாகக் குவித்திருந்தார்கள். முகத்தில் மஞ்சள் அப்பியிருந்தது, அதனால் முகமும் சரியாகத் தெரியவில்லை. மாலையை விலக்கி மார்போடு அணைக்கப் போனவரை, நேரமாகிவிட்டது என்று ஆம்பளைகள் பிடித்து இழுத்துவிட்டார்களாம். வெயில் சாய்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. போலீஸ், ஆஸ்பத்திரி எதுவும் இல்லை.

இதைச் சொல்லும்போது அந்த அம்மா யார்மேலும் குற்றம் சொல்லவில்லை.

ரோட்டுக் கடையில் வெற்றிலை வாங்கப் போனால் ஊர் வாய் சும்மா இருக்குமா. அந்தப் பிள்ளை லேத் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று நின்றதாம். வேறு சாதிப் பையன். காலேஜ் முடிந்ததிலிருந்து வீட்டைவிட்டு வெளியே விடவில்லையாம். அந்தப் பையன் அதற்குப் பிறகு எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது. கடைக்காரம்மா இதைச் சொல்லிவிட்டு, நமக்கு எதுக்குங்க என்று சில்லறையை எண்ணிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம், அந்த முகத்தையே வைக்கப்போகிறேன் என்றேன். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவில்லை. அவங்க கேட்டதச் செஞ்சுபோட்டு வந்துரலாம், பெரிய இடம், நமக்கு வேண்டாம் என்றார். கணக்குப்படி வைக்கிற முகம்தான், ஒரு நூல் அளவு அப்படி இப்படி இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று வாதாடினேன். தெரிஞ்சா என்றார். தெரியட்டும் என்றேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

முகம் வைத்த நாட்களில் அந்த அம்மா மோர்ச் சொம்போடு வந்து வேம்பின் மறுபக்கம் நின்றுகொள்வார். நான் பிடித்து வைப்பேன், அவர் பார்ப்பார். தலையாட்டினால் விடுவேன், இல்லையென்றால் வழித்துப் போட்டுவிட்டு மறுபடி வைப்பேன். கன்னம் சரியாக வரவே இல்லை. ஒரு கட்டத்தில் அவர் பொறுக்கமுடியாமல் மேடைமேல் ஏறி, ஈரச் சிமெண்டில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். குழந்தைக்குச் சோறூட்டும்போது கன்னத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்து அழுத்தினார். கையை எடுத்ததும் கன்னம் வந்துவிட்டது. அந்த அம்மா கீழே இறங்கி மேடையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். நானும் அழுதேன். கரண்டி பிடித்த கையால் மூக்கைத் துடைத்து மூஞ்சியெல்லாம் சிமெண்ட் ஆனதுதான் மிச்சம்.

பெரியவர் மறுநாள் வந்து முகத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முன்னால் நின்று பார்த்தார். அந்த அம்மா வேம்பைப் பிடித்தபடி நின்றார். லட்சணமா வந்திருக்குதுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தெரியாத மாதிரி நடித்தாரா, உண்மையிலேயே தெரியவில்லையா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா, அவ மொகத்த அவரு நிமிந்து பாத்ததே இல்லைங்க அக்கா என்று மட்டும் சொன்னார்.

முகம் முடிந்தால் கழுத்து. தலையும் உடம்பும் சேர்கிற இடம். அங்கே பூச்சு காய்வதற்கு முன்னால், பெண் தெய்வமாக இருந்தால் கழுத்தைச் சுற்றி மூன்று கோடு இழுப்போம். சங்கைச் சுற்றி வரி ஓடுமே, அந்த மாதிரி. அது அழகு, சுப லட்சணம். எந்த ஊர் அம்மனின் கழுத்தையும் உற்றுப் பாருங்கள், நகைக்கு அடியில் மூன்று கோடு இருக்கும். நான் யோசித்தெல்லாம் போடுவதில்லை, கை தானாகப் போகும். அன்றைக்கும் மூங்கில் சிம்பால் மூன்று கோடு இழுத்துவிட்டு, பின்னால் தள்ளி நின்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் பவுண்டரிக்குப் போகிற வழியில் வந்தார். அந்த அம்மா சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தார். என் வீட்டுக்காரர் கீழே சாந்து சலித்துக்கொண்டிருந்தார். பெரியவர் எப்போதும்போல வணக்கம் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார். முகத்தைப் பார்த்தபோது மாறாத மனுசன், அந்தக் கழுத்தைப் பார்த்து வெளுத்துப்போனார். செருப்புக் காலோடு மேடையில் ஏறி, கட்டைவிரலால் அந்தக் கோடுகளைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"இத யாருங்க போடச் சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை, எல்லா அம்மனுக்கும் போடுகிறதுதான் என்றேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"எம்புள்ள கழுத்துல ஒண்ணுமே இல்லீங்க. சுத்தமா இருந்துச்சு."

அவள் கழுத்தில் ஏதாவது இருந்தது என்று அங்கே யாரும் சொல்லவே இல்லை.

சாந்து சலிக்கிற சத்தம் நின்றது. பெரியவரின் விரல் முழுக்கச் சிமெண்ட். தான் பேசியது என்ன என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும், கையை இழுத்துக்கொண்டார். அந்த அம்மா சொம்பை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஏனுங்க," என்றார், "அன்னைக்கு அந்த மாலைய எடுக்கோணும்னேன். நீங்க எடுக்க உடலீங்களே."

அவர் விரலை மேடை ஓரத்தில் துடைத்தார். கழுத்தை மறைக்கிற மாதிரி அட்டிகையும் மாலையும் வைத்துப் பூசச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, வரப்பில் இறங்கிப் போய்விட்டார். அந்த அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். அழவில்லை. கிணறு இருந்த பக்கம் பார்த்தார், பிறகு அந்தக் கழுத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது. அவள் தானே கயிற்றை மாட்டிக்கொண்டாளா, வேறு யாராவது கையால் நடந்ததா, அது எனக்குத் தெரியாது, சொல்லமாட்டேன். அவள் சாவுக்குக் கிணறு காரணமில்லை. அந்த வீட்டு ஆம்பளைகள் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது, பெற்றவளுக்குத் தெரியவில்லை.

போலீஸுக்குப் போகலாமா என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் என் காலை மிதித்தார். மிதிக்கட்டும் என்று மறுபடியும் கேட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. எதைக் காட்டுவீங்க அக்கா, இந்தக் கழுத்துக் கோட்டையா என்று கேட்டார். அப்ப இந்த வேலையே வேண்டாம், போய்விடுகிறோம் என்றேன். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த முகத்தை விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள், வேறு ஆள் வந்தால் இதையும் இடித்துவிடுவார்கள் என்றார்.

அதனால் இருந்தோம். என் வீட்டுக்காரர் அட்டிகைக்குச் சாந்து பிசைந்தார். அவர் வைப்பதற்கு முன்னால், பெரியவர் தேய்த்து அழித்த மூன்று கோட்டையும் மறுபடி இழுத்தேன். முன்னைவிட ஆழமாக இழுத்தேன். அதற்குமேல் அட்டிகை, அதற்குமேல் காசுமாலை, அதற்குமேல் பூமாலை. தலையும் உடம்பும் சேர்கிற இடத்தில் வெடிப்பு விட்டால் மறைக்கத்தான் நாங்கள் சாமிக்கு நகை வைப்பது. தொழில் ரகசியம் என்று இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது அந்த நகையை என் வீட்டுக்காரர் வைத்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அந்த நாட்களில் எனக்கு ஒரு கிறுக்கு பிடித்துக்கொண்டது. இதுவரை நான் முகம் செய்த பெண் தெய்வங்களையெல்லாம் நினைத்துப் பார்ப்பேன். ஆற்றோடு போனவள், தீயில் இறங்கியவள், குழியில் மூடப்பட்டவள், அண்ணன்மார் துரத்தியதில் பாறைக்குள் மறைந்தவள். கோயில்காரர்கள் தலவரலாறு என்று சொல்லும்போது சரிங்க சரிங்க என்று கேட்டுக்கொண்டு அளவெடுத்திருக்கிறேன். யார் தள்ளியது, யார் மூடியது என்று ஒரு கோயிலிலும் நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி சிரித்த முகம் வைத்திருக்கிறேன். சாயல் கூடாது என்ற கணக்கு யாருக்கு வசதி என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. கொன்றவர்களுக்கும் கும்பிட ஒரு முகம் வேண்டியிருக்கிறது. அது தெரிந்த முகமாக மட்டும் இருக்கக்கூடாது. இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நீ கெட்டுப்போயிட்டே என்றார். அன்று இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

வர்ணம் முடிந்து கண் திறக்கும் நாள் வந்தது. வெள்ளிக்கிழமை காலை. சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தார்கள். பந்தல், மைக்செட், பொங்கல் பானைகள். கண்ணைத் திறக்கிறவர் ஆம்பளையாக இருக்கவேண்டும் என்பது ஊர்ப் பேச்சு. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்து கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து, திரைக்குள்ளே இரண்டு பேருமாகப் போவோம். அவர் மைக்கிண்ணத்தைப் பிடித்துக்கொள்வார். நான் கருமணி எழுதுவேன். எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

கண் எழுதி முடித்துத் திரையை விலக்கும்போது சாமிக்கு நேராக மனுசர் யாரும் நிற்கக்கூடாது. முதல் பார்வைக்கு உக்கிரம் அதிகம், தாங்கமுடியாது என்பார்கள். நேரெதிரே பசுவையும் கன்றையும் நிறுத்துவார்கள். அந்தப் பார்வை பசுமேல் பட்ட பிறகுதான் குடும்பத்துக்காரர்கள் முன்னால் வருவார்கள். அன்றைக்கும் ஒரு காராம்பசுவைக் கொண்டுவந்து மஞ்சள் பூசி நிறுத்தியிருந்தார்கள்.

நான் உள்ளே வலது கண்ணை எழுதிவிட்டு இடது கண்ணுக்கு வந்திருந்தேன். வெளியே அந்த அம்மாவின் குரல் கேட்டது. நாதஸ்வரக்காரரை நிறுத்தச் சொன்னார். பசுவை ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார். திரை ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு, கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"மாடு வேண்டாமுங்க," என்றார். "அவ அப்பன் நிக்கட்டும்."

பூசாரி பதறிப்போய், முதல் பார்வை மனுசருக்கு ஆகாது, அப்படி வழக்கம் இல்லை என்று என்னென்னவோ சொன்னார். அந்த அம்மா பூசாரியைப் பார்க்கவே இல்லை. புருசனைத்தான் பார்த்தார்.

"பெத்த புள்ள பார்வ அப்பன என்னங்க பண்ணிப்போடும்?"

பெரியவர் முன்வரிசையில் நின்றிருந்தார். ஓர் அடி வைத்தார். திரையைப் பார்த்தார். பிறகு அந்த அடியைப் பின்னால் எடுத்து, பந்தல் கம்பத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். அந்த அம்மா விடவில்லை. கொழுந்தனைப் பார்த்தார். அவர் துண்டை உதறிக்கொண்டு விலகினார். மகனைப் பார்த்தார். அவன் பெண்டாட்டியின் தோளைப் பிடித்தபடி பக்கவாட்டில் நகர்ந்தான். அவர் ஒவ்வொருவராகப் பார்க்கப் பார்க்க, அங்கிருந்த ஆம்பளைகள் பங்காளி மாமன் மச்சான் வித்தியாசமில்லாமல் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். சாமிக்கு நேரே, பந்தலின் கடைசி வரைக்கும், வெறும் தரையாகிவிட்டது.

என் கையில் தூரிகை காய்ந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மைக்கிண்ணத்தை நீட்டினார். மையைத் தொட்டு இடது கண்ணை முடித்தேன்.

வெளியே அந்த அம்மா நடந்துவந்து பசு நின்ற இடத்தில் நின்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அக்கா, தொறங்க," என்றார். "கேக்காம இருந்தவ நானுந்தானுங்க. என்னையப் பாக்கட்டும்."

திரையை இழுத்தேன்.